முதல் வண்டியே மண் ரோட்டு வண்டியா? பட்ஜெட் 1.5 லட்சம், உயரம் 5 அடி 5 அங்குலம்

மாந்தோப்பு:
வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். வயது 27, மதுரையில் வேலை, வீடு நத்தம் பக்கம். இத்தனை வருடமும் பஸ்தான். ஓட்டிப் பழகியது அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல் மட்டும், அதுவும் வீட்டில் இருந்து தோப்புக்கு. தோப்பு தார் ரோட்டில் இருந்து 4 கிலோமீட்டர் உள்ளே. செம்மண் தடம், டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவில் மேடாக நிற்கும், பாதி வழியில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகையில் எக்ஸெலை ஓடைக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்துதான் போவோம்.

வாரத்தில் ஐந்து நாள் மதுரைக்குப் போக வர 70 கிலோமீட்டருக்கு மேல், சனி ஞாயிறு தோப்பு, எப்போதாவது சிறுமலை. இதுதான் என் ஓட்டம். கையில் இருப்பது எல்லாம் சேர்த்து 1.5 லட்சம். எடை 58 கிலோ. ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411, ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி, சுசுகியின் வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஷோரூமில் எக்ஸ்பல்ஸ் மேல் ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் நுனி விரலில்தான் நின்றது, பயந்து இறங்கிவிட்டேன். கூட வந்த நண்பன் "சிசி கம்மியா வாங்கிட்டு ஆறு மாசத்துல வருத்தப்படாதே" என்கிறான். எதை வாங்கலாம்?

இமயம்411:
தம்பி, கண்ணை மூடிக்கொண்டு 411 எடுங்கள். 2018ல் இருந்து என்னிடம் இருக்கிறது. சீட் உயரம் 800 மி.மீ.தான், உங்கள் உயரத்துக்குக் கால் நன்றாக எட்டும். 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, மூன்றாவது கியரில் போட்டுவிட்டால் மேடு பள்ளம் எதையும் கேட்காது. 15 லிட்டர் டேங்க். மதுரை ரோட்டில் எதிர்க்காற்று அடித்தாலும் அலையாமல் போகும், உட்கார்ந்து போகிற சுகத்துக்கு இந்த விலையில் வேறு வண்டி இல்லை. 2023 கடைசியில் புது ஹிமாலயன் 450 வந்ததும் இதை நிறுத்திவிட்டார்கள், அதனால் பழையது சந்தையில் நிறைய இருக்கிறது, 1.3 லட்சத்துக்குள் நல்லதாகவே கிடைக்கும்.

பழைய இம்பல்ஸ்:
அண்ணன் சொல்வது அத்தனையும் ரோட்டுக்கு உண்மை. ஆனால் தம்பி கேட்டது முதல் வண்டி. எக்ஸெலில் இருந்து நேராக 199 கிலோவுக்குப் போகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

நான் 2012ல் ஹீரோ இம்பல்ஸ் வாங்கியவன். 150 சிசி. அந்தக் காலத்தில் இந்த மாதிரி வண்டி வேண்டும் என்றால் கைக்கு எட்டிய விலையில் அது ஒன்றுதான். எட்டு வருடம் ஓட்டி, எத்தனை முறை கீழே போட்டேன் என்று கணக்கே இல்லை. ஒருமுறைகூட அடுத்தவரைக் கூப்பிடவில்லை, தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை நிமிர்த்திப் போய்க்கொண்டே இருப்பேன். அப்புறம் ஆசைப்பட்டு பெரிய வண்டிக்கு மாறினேன். மாறிய மூன்றாவது மாதம், ஒரு தரைப்பாலத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், அடியில் பாசி. முன் சக்கரம் வழுக்கியதே தெரியவில்லை, வண்டி படுத்துவிட்டது. எனக்கு ஒரு காயமும் இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை. கால் ஊன்றுகிற இடமெல்லாம் பாசி, தம் பிடித்துத் தூக்கினால் நான் வழுக்குகிறேன், வண்டி அப்படியே கிடக்கிறது. அரை மணி நேரம் கழித்து ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் பின் சக்கரத்தைப் பிடித்துக் கொடுத்துத்தான் நிமிர்ந்தது. அந்த அரை மணி நேரத்துக்கு அப்புறம் தனியாக மண் ரோட்டில் இறங்கவே தயங்க ஆரம்பித்தேன், வண்டி வாங்கியதன் நோக்கமே அதோடு போய்விட்டது.

எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 158 கிலோ, 411 அதைவிட 41 கிலோ அதிகம், கிட்டத்தட்ட ஒரு சிமெண்ட் மூட்டை. தார் ரோட்டில் அந்த மூட்டை இருப்பதே தெரியாது. உங்கள் ஓடையில் தெரியும். தோப்புக்குத் தனியாகத்தானே போவீர்கள்? அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது சிசி இல்லை, தனி ஆளாகத் தூக்க முடியுமா என்பதுதான். விழாமல் யாரும் மண்ணில் பழகியது இல்லை.

இமயம்411:
தூக்குவதற்கு முறை இருக்கிறது. முறையாகத் தூக்கினால் 200 கிலோவையும் ஒரு ஆள் தூக்கலாம்.

பழைய இம்பல்ஸ்:
சமதளத்தில் தூக்கலாம் அண்ணே, மறுக்கவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் இடுப்பைக் கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின் கைப்பிடி, முதுகால் இல்லாமல் காலால் எழுந்து பின்பக்கமாகச் சின்னச் சின்ன அடி வைக்க வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் சாயும். கியரில் போட்டு வைத்தால் உருளாது. ஆனால் 58 கிலோ ஆள், சரிவு, சேறு, காலில் சாதாரண ஷூ. அங்கே ஒவ்வொரு கிலோவும் கணக்கு.

சிறுவாணி:
என் உயரம் 5 அடி 2. மூன்று வருடமாக எக்ஸ்பல்ஸ் ஓட்டுகிறேன், கோவையில் இருந்து. 825 மி.மீ. என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து போயிருந்தால் நான் இந்த வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன், அதனால் இந்தப் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் போக மனசு வரவில்லை.

தம்பி, இரண்டு காலும் தரையில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. நிறுத்தும்போது இடுப்பை லேசாக இடது பக்கம் நகர்த்தி இறக்கினால் இடது பாதம் முழுதாக ஊன்றும், வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். சிக்னலில் ஒரு வாரம் இப்படிச் செய்தால் உடம்பு பழகிவிடும். மண் ரோட்டில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு: எங்கே நிறுத்துகிறோம் என்பது. நீங்கள் சொல்கிற டிராக்டர் தடத்தில் நடு மேட்டில் வண்டியை நிறுத்தினால், கால் வைக்கிற இடம் பள்ளம். பள்ளத்தில் கால் இன்னும் அரை அடி கீழே போக வேண்டும், அதற்குள் வண்டி சாய்ந்துவிடும். நான் முதல் மாதம் விழுந்தது எல்லாமே நின்றுகொண்டு இருக்கும்போதுதான், ஓடும்போது இல்லை. பத்தடி முன்னாலேயே பார்த்து, கால் வைக்க மேடு இருக்கிற இடமாக நிறுத்துங்கள். சக்கரம் பள்ளத்தில், கால் மேட்டில்.

அப்புறம் பின் சஸ்பென்ஷனில் லோயரிங் லிங்க் போட்டு உயரத்தைக் குறைக்கலாம் என்பார்கள். போடலாம், ஆனால் 220 மி.மீ. தரை இடைவெளிக்காகத்தான் இந்த வண்டியையே வாங்குகிறோம். உயரம் குறைந்தால் சைடு ஸ்டாண்டையும் அறுத்து ஒட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டி நட்டுக்குத்தலாக நின்று காற்றடித்தாலே விழும். நான் சீட் கடையில் கொடுத்து முன்பக்க ஃபோமில் ஒரு அங்குலம் எடுத்து, தொடைப் பக்கம் ஓரத்தைச் சீவச் சொன்னேன். ஐந்நூறு ரூபாய்தான் ஆனது. அகலம் குறைந்தாலே கால் நேராக இறங்கும்.

மாந்தோப்பு:
அக்கா, ரொம்ப நன்றி. நடு மேட்டில் நிறுத்துவது பற்றி யாருமே சொன்னதில்லை, எக்ஸெலில் கால் தாராளமாக எட்டுவதால் எனக்கும் தோன்றியதில்லை. வி-ஸ்ட்ராம் எப்படி?

கணக்கர்:
வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் அருமையான வண்டி. 249 சிசி, 26.5 குதிரைத் திறன், மதுரை ரோட்டுக்கு இந்த மூன்றில் அதுதான் சுகம். ஆனால் 205 மி.மீ. தரை இடைவெளி, முன் சக்கரம் 19 அங்குலம், அலாய் வீல். கெட்டியான மண் ரோட்டுக்குப் போதும், உருண்டைக் கல் கிடக்கிற ஓடைக்கு 21 அங்குலச் சக்கரம் ஏறுகிற மாதிரி 19 ஏறாது. தவிர சீட் உயரம் 835, உங்கள் பயம் அங்கேயும் தீராது. உங்கள் தொகைக்குப் பழையதுதான் வரும், அதுவும் எல்லாப் பணத்தையும் அதிலேயே போட்டால்.

எக்ஸ்பல்ஸ் 210 பற்றி யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் வந்தபோது ஷோரூம் விலை 1.76 லட்சம். அதே ஆண்டு செப்டம்பர் 22ல் இருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 28ல் இருந்து 18 ஆனதால் குறைந்திருக்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம், அதன் மேல் இன்சூரன்ஸ். ஆன்ரோடு வரும்போது உங்கள் கை மீறும். இ.எம்.ஐ. போட்டு வாங்கிய புது வண்டியை யாரும் மனசார ஓடையில் இறக்குவதில்லை, நான் பார்த்தவரை.

என் யோசனை: 2022 அல்லது 2023 மாடல் 4வி, 90,000ல் இருந்து 1 லட்சத்துக்குள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், தேய்ந்த சாமான் மாற்ற 15,000. ஹெல்மெட், முழங்கால் கவசம், கணுக்காலை மூடுகிற பூட்ஸ், கையுறைக்கு 15,000, இதில் குறைக்கவே குறைக்காதீர்கள். மீதியைக் கையில் வைத்திருங்கள்.

ஓசூர்க்காரன்:
ஒரு கேள்வி. உங்கள் லைசென்ஸ் என்ன வகை? எக்ஸெல் மட்டும் ஓட்டியிருக்கிறேன் என்கிறீர்கள், கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு எந்த பைக்கையும் ஓட்டக்கூடாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

மாந்தோப்பு:
கார்டை எடுத்துப் பார்த்தேன். கியர் இல்லாததுதான். இந்த வாரமே எல்எல்ஆர் போடுகிறேன். நல்லவேளை கேட்டீர்கள்.

ஓசூர்க்காரன்:
மாமா, சித்தப்பா யாரிடமாவது ஸ்ப்ளெண்டர் இருக்கும், ஒரு மாதம் அதில் கிளட்ச் பழகுங்கள். 112 கிலோதான். எட்டு போடவும் அதுவே வசதி. காலி மைதானத்தில் முதல் கியரில், ஆக்சிலரேட்டரை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் கிளட்ச்சாலும் பின் பிரேக்காலும் மட்டும் கட்டுப்படுத்தி, நடக்கிற வேகத்தில் பத்து நிமிடம் வட்டம் போடுங்கள். மண்ணில் வேண்டிய வித்தையில் பாதி அதுதான். முறையாகக் கற்க ஆசை வந்தால் டக்கார் ராலி ஓடிய சி.எஸ். சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட்பார்க் என்ற மண் ரோட்டுப் பயிற்சி மையம் கோலார் பக்கம் இருக்கிறது. நான் போனேன், நின்றுகொண்டு ஓட்டுவது என்றால் என்ன என்பதே அங்கேதான் புரிந்தது. கால் விறைத்து நிற்பது இல்லை, முழங்காலை லேசாக மடக்கி டேங்கைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, உடம்பு ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாக அசைய விடுவது. முன் சக்கரம் கல்லில் ஆடும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் விழுவோம், தளர விட்டால் அதுவே நேராகும்.

தேனி பட்டறை:
பட்டறை வைத்து 22 வருடம் ஆகிறது. பழையது எடுக்கிறீர்கள் என்றால் சொல்கிறேன், ஃபோட்டோ பார்த்து அட்வான்ஸ் போடாதீர்கள்.

காலையில் போங்கள், வண்டி சூடாகும் முன். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். குனிந்து அடியில் பாருங்கள், இன்ஜினுக்கு அடியில் காப்பாக இருக்கிற பேஷ் பிளேட்டில் கீறல் இருப்பது தப்பில்லை, அடி வாங்கி உள்ளே மடங்கி இன்ஜினைத் தொட்டால் வேண்டாம். முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஈரம் இருந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது, அது சின்னச் செலவு, விலையில் குறைக்கலாம். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்லி ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் உட்கார்கிற மாதிரி இருந்தால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங், போய்விட்டது. ஒரு ஸ்பேனரால் ஸ்போக்கை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், இறுக்கமானது கணீர் என்று கேட்கும், தளர்ந்தது தகரம் மாதிரி சத்தம் வரும். இரண்டு மூன்று தளர்ந்திருந்தால் முறுக்கிக்கொள்ளலாம், ஒரே இடத்தில் வரிசையாகத் தளர்ந்திருந்தால் அங்கே ரிம் அடி வாங்கியிருக்கும், சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பாருங்கள். ஹேண்டில் பார் நுனி, லீவர் உடைந்திருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம், இந்த வகை வண்டி விழுந்திருக்கும்தான். கழுத்துப் பக்கம் சேஸியில் புது பெயிண்டோ வெல்டிங்கோ தெரிந்தால் மட்டும் பேச்சே வேண்டாம்.

ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் கடன் முடிந்தது என்று பேங்க் தருகிற என்ஓசியும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கிவிட்டு, சேஸி நம்பரை நீங்களே துடைத்துப் படித்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம். நத்தம் பக்கம் என்றால் சீமைக்கருவேலம் இருக்கும். அந்த வண்டி ட்யூப் டயர், முள் குத்தினால் அங்கேயே உட்கார்ந்துவிடும். 21 அங்குல ட்யூப் கிராமத்துப் பஞ்சர் கடையில் கிடைக்காது. முன்னும் பின்னுமாக இரண்டு ட்யூப், டயர் கழற்ற இரண்டு லீவர், கைப்பம்பு எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இமயம்411:
பட்டறை அண்ணன் சொன்ன ட்யூப் விஷயம் 411க்கும் அப்படியே பொருந்தும், அதுவும் ட்யூப்தான். தம்பியின் எடையையும் ஓடையையும் யோசித்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், எக்ஸ்பல்ஸே எடுங்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுங்கள்: நான்குவழிச் சாலையில் 90க்கு மேல் அதை விரட்டினால் அது வேலை செய்கிற சத்தம் உங்களுக்கே கேட்கும். 75, 80ல் போகிற மனசு வேண்டும்.

சிறுவாணி:
சிறுமலை பற்றியும் ஒரு வார்த்தை. 18 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடு, பழக நல்ல இடம், விடிகாலையில் போங்கள். மண் ரோட்டு வண்டி இருக்கிறது என்று காப்புக்காட்டுத் தடத்தில் திரும்பிவிடாதீர்கள். சட்டப்படி குற்றம், அதோடு அங்கே காட்டுமாடு உண்டு. பழக உங்கள் தோப்புத் தடமே போதும், அந்த 4 கிலோமீட்டர் பலருக்குக் கிடைக்காத வரம்.

மாந்தோப்பு:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியாயிற்று. சித்தப்பாவின் ஸ்ப்ளெண்டரில் ஐந்து வாரம் பழகினேன். மூன்று வண்டி பார்த்தேன். முதல் வண்டி, காலை ஏழு மணிக்கே இன்ஜின் சூடு. இரண்டாவதில் கோன்செட் பள்ளம் கையில் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவதை எடுத்தேன், 2022 4வி, 19,000 கிலோமீட்டர் ஓடியது, 93,000 ரூபாய். பின் டயர், செயின் செட், ஒரு பக்க ஆயில் சீல் மாற்றினேன்.

போன ஞாயிறு முதல்முறையாக ஓடையில் இறக்கினேன். நின்றுகொண்டு, முதல் கியரில், ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி ஹேண்டிலைத் தளர விட்டேன். பாதி ஓடை தாண்டியதும் ஒரு கல்லில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, பயத்தில் கிளட்ச்சைப் பிடித்துவிட்டேன், வேகம் போய்விட்டது, வலது பக்கம் சாய்ந்தது. மெதுவாகத்தான் விழுந்தது. முதலில் இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்ச், அப்புறம் சைடு ஸ்டாண்ட், அப்புறம் முதுகைக் கொடுத்தேன். முதல் முயற்சியில் வரவில்லை. காலுக்கு அடியில் இருந்த கல்லை நகர்த்திவிட்டு இரண்டாவது முறை எழுந்தேன், நின்றுவிட்டது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் போனவர், அப்படியே நின்றார். "தனியாவே தூக்கிட்டியே" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஏறியபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் கார்த்திகையில் வண்டியோடு தோப்புக்குள் போனது எங்கள் வீட்டில் இதுதான் முதல்முறை.

திரும்பி வரும்போது முள். முன் சக்கரம். லீவரை ரொம்ப உள்ளே விட்டுப் புது ட்யூபையே கிள்ளிவிட்டேன், அப்பா பழைய ட்யூபுக்குப் பேட்ச் போட்டுக் கொடுத்தார், சைக்கிளில் பழகிய கை. அடுத்த முறை கிள்ளாமல் மாட்ட என்ன செய்ய வேண்டும்?

தேனி பட்டறை:
ட்யூபை உள்ளே வைக்கும் முன் உருண்டை வடிவம் வருகிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று வையுங்கள், தட்டையாக இருந்தால்தான் லீவருக்கு அடியில் சிக்கிக் கிள்ளும். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வில் முடியுங்கள், கடைசி ஒரு சாண் வரும்போது எதிர்ப்பக்க டயரை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்தில் அழுத்திக்கொண்டால் லீவருக்குப் பெரிய வேலையே இருக்காது. வால்வு நேராக நிற்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை இறக்கி, டயரைக் கொஞ்சம் திருப்பி நேராக்கிவிட்டு மறுபடி அடியுங்கள். அப்பா போட்ட பேட்ச் ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவே உபரியாக வண்டியில் இருக்கட்டும்.